நான்காவது புகைபோக்கி

அன்புள்ள ஐயா,

டைட்டானிக்கின் நான்கு புகைபோக்கிகளில் கடைசி ஒன்று போலி என்று சென்ற வாரக் கட்டுரையில் போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள். அவ்வளவு பெரிய கப்பலைக் கட்டியவர்கள் கண்துடைப்புக்காகவா ஒரு புகைபோக்கியை நிறுத்துவார்கள்? நம்ப முடியவில்லை.

க.

அன்புள்ள க.,

'போலி' என்றது என் அவசரம். கொதிகலன் புகை அதன் வழியாகப் போகவில்லை, அவ்வளவுதான். சமையலறைப் புகையும் கீழ்த்தளங்களின் சூடான காற்றும் அதன் வழியாக வெளியேறின. அதற்கு அத்தனை உயரமும் பருமனும் தேவையா என்று கேட்டால், இல்லை.

இதற்குக் காரணம் ஜெர்மானியர்கள். 1897இல் அவர்கள் கடலில் இறக்கிய 'கைசர் வில்ஹெல்ம் டெர் குரோஸெ' நான்கு புகைபோக்கிகளோடு வந்து, அட்லாண்டிக்கை அதிவேகமாகக் கடக்கும் கப்பலுக்குரிய 'நீல நாடா'ப் பட்டத்தை விரைவிலேயே தட்டிச் சென்றது. நான்கு என்றால் வேகம், பலம் என்று ஆகிவிட்டது. 1907இல் பட்டத்தைப் பிரிட்டனுக்கு மீட்ட போட்டி நிறுவனத்துக் கப்பல் லூசிடானியாவுக்கும் நான்கு; நான்கும் புகை கக்கியவை. டைட்டானிக்கைக் கட்டவைத்த ஒயிட் ஸ்டார் நிறுவனம் வேகத்தை விட்டுச் சொகுசை நம்பியது. டைட்டானிக்கின் 29 கொதிகலன்களுக்கு மூன்று புகைபோக்கிகள் போதும். ஆனால் போட்டிக் கப்பல் நான்கோடு நிற்கும்போது மூன்றோடு போய் நிற்க மனம் வருமா? கல்யாணத்துக்கு இரவல் சங்கிலி போட்டுக்கொண்டு போகிறவர்கள் இல்லையா?

எனக்கு மற்ற மூன்றின் அடியில் நடந்ததில்தான் ஆர்வம். அங்கே 159 உலைகள். நாளொன்றுக்குச் சுமார் 600 டன் கரி, அத்தனையும் கையால் வாரிப் போட்டது. நான்கு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் ஓய்வு. சுவரில் ஒரு கருவி இருந்தது. மணி அடிக்கும், ஓர் எண் தெரியும். அந்த எண்ணுள்ள உலையின் கதவைத் திறந்து கரி போட வேண்டும். கதவுகள் கண்டபடி திறந்தால் குளிர்ந்த காற்று புகுந்து நீராவி இறங்கிவிடும் என்பதால் இந்த ஏற்பாடு. கப்பல் வேகமெடுக்க வேண்டுமென்றால் மணி அடிக்கும் இடைவெளியைக் குறைத்துவிடுவார்கள். கிடங்கிலிருந்து தள்ளுவண்டியில் கரி கொண்டுவர வேறு ஆட்கள் இருந்தார்கள். ஒரு பக்கமாகவே அள்ளினால் கப்பல் சாயும் என்பதால் இருபுறமும் பார்த்து அள்ள வேண்டியது அவர்கள் பொறுப்பு. சம்பளம் மட்டும் உலைக்காரர்களைவிடக் குறைவு.

1912 ஏப்ரல் 11 அன்று அயர்லாந்தின் குயின்ஸ்டவுன் துறைமுகத்துக்கு வெளியே டைட்டானிக் நங்கூரமிட்டு நின்றது. அப்போது உலைக்காரர் ஒருவர் நீங்கள் சந்தேகப்படும் அந்த நான்காவது புகைபோக்கிக்குள் ஏறி, உச்சியில் தலையை நீட்டியிருக்கிறார். கரி அப்பிய அந்த முகத்தைப் பார்த்துச் சிலர் அபசகுனம் என்று மிரண்டதாக, தப்பிப் பிழைத்தவர்கள் பின்னர் சொன்னார்கள். அவருக்குக் கொஞ்சம் காற்று வேண்டியிருந்தது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. மற்ற மூன்றில் எதிலாவது ஏறியிருந்தால் வெந்தே போயிருப்பார்.

அன்புடன்