ஹைபிரிட் காரை அன்றாடம் ஓட்டுவது எப்படி இருக்கிறது? சொல்லப்படும் மைலேஜ் உண்மையிலேயே கிடைக்கிறதா?

கிடைக்கிறது, ஆனால் எந்தச் சாலையில், ஒரு தடவைக்கு எவ்வளவு தூரம் ஓட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்து அது நிறையவே மாறும். பெட்ரோல் எஞ்சினும் பேட்டரியில் இயங்கும் மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டுகிற, ஆனால் வெளியிலிருந்து சார்ஜ் ஏற்றத் தேவையில்லாத, பெட்ரோல் மட்டும் நிரப்பும் ஹைபிரிட் கார் ஒன்றை மூன்று ஆண்டுகளாக அலுவலகம் சென்றுவர ஓட்டுகிறேன்.

முதலில் பழக வேண்டியது அதன் அமைதிக்குத்தான். பொத்தானை அழுத்தினால் திரையில் ‘ரெடி’ என்று ஒளிர்கிறதே தவிர, பெரும்பாலும் எஞ்சின் சத்தம் எதுவும் கேட்பதில்லை. வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்று நினைத்து, கிளம்பத் தயாராக இருந்த காரை முதல் வாரத்தில் இரண்டு முறை நானே அணைத்திருக்கிறேன். நெரிசலில் மோட்டாரே வண்டியை நகர்த்திவிடுவதால் அலுப்பு குறைகிறது. மேட்டில் ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்தால் மட்டும் எஞ்சின் உறுமுகிற அளவுக்கு வேகம் ஏறுவதில்லை. எனக்கு இன்னும் பிடிக்காதது அது ஒன்றுதான்.

மைலேஜின் சூட்சுமம் பிரேக்கில் இருக்கிறது. தொலைவில் சிவப்பு விளக்கு தெரிந்தவுடன் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, பிரேக்கை மெல்ல அழுத்தி வந்தால், மோட்டார் ஜெனரேட்டராக மாறி வண்டியின் வேகத்தை மின்சாரமாக்கி பேட்டரியில் சேர்க்கிறது. திரையில் அம்புக்குறி சக்கரத்திலிருந்து பேட்டரியை நோக்கித் திரும்புவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். கடைசி நொடியில் ஓங்கி மிதித்தால், அதே ஆற்றலில் பெரும்பகுதி பிரேக் பேடில் உரசி வெறும் சூடாகப் போய்விடும். இந்தப் பழக்கம் வந்த பிறகு, நகருக்குள் லிட்டருக்கு 19 கிலோமீட்டர் கொடுத்துக்கொண்டிருந்த அதே கார் 23 வரை கொடுத்தது.

நெடுஞ்சாலையில் கணக்கு தலைகீழ். பிரேக் பிடிக்கும் வாய்ப்பே குறைவு என்பதால் திரும்பச் சேமிக்க அதிகமில்லை; வேகம் இரட்டிப்பானால் காற்றின் தடை நான்கு மடங்காகும் என்பதால், 110ஐத் தாண்டும்போதெல்லாம் என் மைலேஜ் 18க்கு இறங்கிவிடுகிறது. அதைவிட மோசம் இரண்டு கிலோமீட்டர் ஓட்டங்கள்: எஞ்சினும் புகையைச் சுத்திகரிக்கும் வினையூக்கி மாற்றியும் சூடாக வேண்டும் என்பதற்காகவே எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும், சூடாகி முடிப்பதற்குள் நாம் போய்ச் சேர்ந்திருப்போம்.

இந்த எண்களைத் திரையிலிருந்து நான் எடுக்கவில்லை. டேங்கை நிரப்பி, ஓடிய தூரத்தைக் குறித்து, மறுபடி நிரப்பும்போது பிடித்த லிட்டரால் வகுத்துப் பார்த்தவை. என் காரின் திரை எப்போதும் ஒன்றிரண்டு கிலோமீட்டர் கூடுதலாகவே காட்டுகிறது.

ஒரு சின்ன விஷயம்: பல மாடல்களில் பின் இருக்கையின் அருகே பேட்டரியைக் குளிர்விக்கக் காற்று புகும் துவாரம் ஒன்று இருக்கிறது. பையையோ துணியையோ வைத்து அதை அடைத்துவிடாதீர்கள்.