தானியத்தின் இனிப்பு – கடிதமும் பதிலும்

வணக்கம்.

யார்க்‌ஷயர் பயணக் குறிப்புகளில் அங்குள்ள பப்களைப் பற்றியும் கருத்த ஏல் என்ற பழைய பாணி ஆங்கில பீர் பற்றியும் ஆசையாக எழுதியிருந்தீர்கள். நான் லீட்ஸில் வேலை பார்க்கிறேன். கிறிஸ்துமஸுக்கு உடன் வேலை செய்பவர் ஒருவர் ஓல்ட் பெக்யூலியர் என்ற ஏல் பாட்டில் ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார். உங்கள் கட்டுரை நினைவுக்கு வந்ததால் ஆவலோடு ஃப்ரிட்ஜில் வைத்து, வெள்ளிக்கிழமை இரவு திறந்தேன். தொட்டுக்கொள்ள ஊரிலிருந்து வந்த கார மிக்ஸர். உண்மையைச் சொல்கிறேன், ஏமாற்றம்தான். முதலில் கருகின மாதிரி ஓர் இனிப்பு, பிறகு கசப்பு, அவ்வளவுதான். போதையும் பெரிதாக இல்லை. 5.6 சதவீதம் என்று போட்டிருக்கிறது, நம்மூர் ஸ்ட்ராங் பீரே இதைவிட அதிகம். பாதியை சிங்க்கில் ஊற்றிவிட்டேன். கொடுத்தவரோ 'பழகப் பழகப் பிடிக்கும்' என்கிறார். பிடிக்காததை எதற்குப் பழக வேண்டும்? இதில் அப்படி என்னதான் இருக்கிறது? இன்னொரு கேள்வியும் உண்டு. குடியால் அழிந்த குடும்பங்களை அறிந்த நீங்கள் இதையெல்லாம் தமிழில் எழுதத்தான் வேண்டுமா?

கே.

அன்புள்ள கே,

பழகித்தான் பிடிக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். சரியாகக் குடித்துப் பார்த்தும் பிடிக்கவில்லை என்றால் தாராளமாக விட்டுவிடலாம். ஆனால் உங்கள் நாக்கு தன் வேலையைச் சரியாகவே செய்திருக்கிறது. 'கருகின மாதிரி ஓர் இனிப்பு' என்கிறீர்கள் அல்லவா? அந்த பீரின் உயிரே அதுதான். அதைத் தேடித்தான் மக்கள் இருநூறு வருடங்களாக அந்த ஊர் பீரைக் குடிக்கிறார்கள். உங்களுக்கு அது ஒரு நொடி எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. ஃப்ரிட்ஜின் குளிரும் மிக்ஸரின் காரமும் அதை நிற்க விடவில்லை.

அந்த இனிப்பு எங்கிருந்து வருகிறது என்று முதலில் சொல்கிறேன். பார்லியை ஊறவைத்து, முளைகட்டி, முளை நீள்வதற்குள் சூட்டில் உலர்த்தினால் அது மால்ட். நம் வீடுகளில் குழந்தைக்குக் கேழ்வரகை முளைகட்டி, காயவைத்து, வறுத்து அரைப்பது போலத்தான். முளைக்கும்போது தானியத்துக்குள் நொதிகள் விழித்துக்கொள்கின்றன. பிறகு வெந்நீரில் போட்டு ஊறவைக்கும்போது அவைதான் மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றுகின்றன. அந்தச் சர்க்கரையை ஈஸ்ட் தின்று சாராயமாக்குகிறது. எல்லா பீருக்கும் இதுவரை ஒரே கதைதான்.

ஆங்கில ஏல் வேறு வழியில் போவது கிறிஸ்டல் மால்ட்டில். இதற்கு முளைகட்டிய பார்லியை உலர்த்துவதில்லை. ஈரத்தோடு உருளைக்குள் அடைத்து, 65 முதல் 70 டிகிரி வரை சூடாக்கி, அப்படியே புழுங்க விடுகிறார்கள். உமிக்குள்ளேயே மாவு சர்க்கரையாகிக் குழைந்துவிடுகிறது. அதன் பிறகு சூட்டை ஏற்றி வறுக்கும்போது அந்தச் சர்க்கரை உள்ளுக்குள்ளேயே பழுப்பேறி இறுகுகிறது. ஒரு மதுவடிசாலையில் இரண்டு வகை மால்ட்டையும் கையில் கொடுத்து மென்று பார்க்கச் சொன்னார்கள். வெளிர் மால்ட் பல்லில் பட்டதும் பொடியாக உதிர்ந்தது. வாய் முழுக்க மாவு, மெதுவாக ஊறி வரும் மென்மையான இனிப்பு. கிறிஸ்டல் மால்ட்டைக் கடித்தபோது கண்ணாடி உடைவது போன்ற சத்தம் காதுக்குள் கேட்டது. உடைந்த துண்டு நாக்கில் கரையக் கரைய முதலில் டாஃபி, அப்புறம் உலர்ந்த திராட்சை, கடைசியில் அடிநாக்கில் லேசான கருகல். நீங்கள் சொன்ன அதே சுவை! ஒரே ஒரு தானிய மணிக்குள் இத்தனையும் இருந்தன. அன்றிலிருந்து எனக்கு பீர் என்பது வெறும் பானமாக இல்லை, தானியத்தைச் சமைக்கும் கலையாக ஆகிவிட்டது.

வறுபட்டு இறுகிய அந்தச் சர்க்கரையில் ஒரு பகுதியை ஈஸ்ட்டால் தின்ன முடியாது. அதனால் அது பீரிலேயே தங்கிவிடுகிறது. குடிக்கும்போது நாக்கில் படரும் கனம் அதனால் வருவது. இங்கேதான் நம்மூர் ஸ்ட்ராங் பீரோடு நீங்கள் வைத்த ஒப்பீட்டுக்கு வருகிறேன். இந்தியாவில் விற்கும் ஸ்ட்ராங் பீர்களில் மால்ட்டோடு அரிசியோ மக்காச்சோளமோ சர்க்கரையோ சேர்ப்பது சாதாரணம். சர்க்கரையை ஈஸ்ட் மிச்சமில்லாமல் தின்றுவிடும். சாராயத்தின் அளவு ஏறும், பீரின் உடம்பு மெலிந்துவிடும். அதன் வெறும் சாராய நெடி தெரியக்கூடாது என்றால் பல் கூசும் அளவுக்குக் குளிரவைத்து, வேகமாகக் குடிக்க வேண்டும். டாஸ்மாக் வாசல்களில் அப்படித்தான் குடிக்கிறார்கள். அந்த மனிதர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அவர்களுக்குக் கிடைப்பது அது ஒன்றுதான்.

ஆங்கிலேயரின் பழைய முறையில் சாராயத்தின் வலு தானியத்தின் அளவைப் பொறுத்தது. ஊறிய மால்ட்டிலிருந்து முதலில் வடியும் சாறு கெட்டியானது, அதில் கடும் ஏல் காய்ச்சினார்கள். அதே மால்ட்டில் மறுபடி வெந்நீர் ஊற்றி வடித்தால் நடுத்தர பீர். கடைசி வடிப்பில் கிடைப்பது வேலையாட்களும் சிறுவர்களும்கூடத் தினமும் குடித்த நீர்த்த பீர். லண்டன் சிஸிக்கில் உள்ள ஃபுல்லர்ஸ் மதுவடிசாலை இந்த முறையின் ஒரு வடிவத்தை நம் காலத்துக்கும் கொண்டுவந்தது. ஒரே மால்ட்டின் முதல் வடிப்பையும் அடுத்த வடிப்பையும் தனித்தனியாகக் கொதிக்கவைத்து, வெவ்வேறு விகிதங்களில் கலந்து, 8.5 சதவீத கோல்டன் பிரைடிலிருந்து எளிய லண்டன் பிரைடு வரை எடுத்தார்கள். இதைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் கொஞ்சமல்ல. ஒரு குடும்பத்தின் அண்ணன் தம்பிகளைப் பார்ப்பது மாதிரி அந்த பீர்களை வரிசையாக வைத்து ருசிக்க முடியும்.

உங்களுக்குக் கிடைத்த ஓல்ட் பெக்யூலியர் இந்த மரபின் நடுத்தர வலு கொண்ட பிள்ளை. நீங்கள் இருக்கும் லீட்ஸிலிருந்து வடக்கே ஹாரோகேட், ரிப்பன் எல்லாம் தாண்டினால் யூர் ஆற்றங்கரையில் மஸ்ஸம் என்ற சிற்றூர். அங்கே 1827இல் ராபர்ட் தீக்ஸ்டன் தொடங்கிய மதுவடிசாலை இது. இன்றும் வேலை நடக்கும் கட்டிடம் 1875இல் கட்டியது. மேல்மாடியில் மால்ட், அங்கிருந்து தளம் தளமாக இறங்கி வரும் கோபுர அமைப்பு. லேபிளில் இருக்கும் முத்திரை, யார்க் பேராயரின் அதிகாரத்திலிருந்து விலக்குப் பெற்று அந்த ஊர் தனக்கென வைத்திருந்த திருச்சபை நீதிமன்றத்தினுடையது. எண்பதுகளில் நிறுவனம் குடும்பத்தின் கையைவிட்டுப் போய், கடைசியில் ஸ்காட்டிஷ் அண்ட் நியூகாசில் என்ற பெரிய நிறுவனத்திடம் சேர்ந்தது. வருத்தத்தோடு விலகிய பால் தீக்ஸ்டன் அதே ஊரில் 1992இல் பிளாக் ஷீப் என்ற தன் சொந்த மதுவடிசாலையைத் தொடங்கினார். 2003இல் தீக்ஸ்டன் குடும்பத்தின் நான்கு சகோதரர்கள் பழைய நிறுவனத்தைத் திரும்ப வாங்கினார்கள். சின்னஞ்சிறு ஊர், அதில் இரண்டு மதுவடிசாலைகள். நீங்கள் ஒரு சனிக்கிழமை போய்வரலாம்.

சரி, எப்படிக் குடிப்பது?

அடுத்த முறை குடிப்பதற்கு முக்கால் மணி நேரம் முன்பே பாட்டிலை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து வெளியே வையுங்கள். 12, 13 டிகிரிக்கு வரட்டும். ஆங்கிலேயர் வெதுவெதுப்பான பீர் குடிப்பவர்கள் என்று கேலி செய்வார்கள். அது வெதுவெதுப்பு அல்ல, நிலவறையின் குளிர்ச்சி. இந்தச் சூட்டு வித்தியாசம் சின்ன விஷயம் இல்லை. குளிர் ஏறினால் நாக்குக்கு இனிப்பு தெரிவது குறையும், வாசனையும் எழும்பாது. மிஞ்சுவது கசப்பு. இனிப்பு ஒரு நொடி வந்து கசப்பு மட்டும் தங்கியது என்று நீங்கள் எழுதியதற்குக் காரணம் இதுதான். மிக்ஸரையும் தள்ளி வையுங்கள். மிளகாயின் எரிச்சலைச் சாராயமும் வாயுவும் சேர்ந்து ஏற்றிவிடும், அந்த எரிச்சலுக்கு நடுவே மால்ட் எங்கே தெரியப்போகிறது?

வாய் அகன்ற கிளாஸில் பாதி மட்டும் ஊற்றுங்கள். விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். கறுப்பு என்று நினைத்தது ஓரத்தில் மாணிக்கச் சிவப்பாக இருக்கும். நுரை மங்கலான காவி நிறம், சீக்கிரம் அடங்கிவிடும். நுரை குறைவு என்று உங்களுக்குத் தோன்றலாம், இந்த வகையில் அது குறை அல்ல. வாயு அதிகமானால் நாக்கில் குத்தி மால்ட்டை மறைத்துவிடும். முகர்ந்தால் முதலில் ரொட்டியின் மேல்தோல், அடுத்து பிளம், பேரீச்சை. இந்தப் பழவாசனைக்காக யாரும் பழம் சேர்ப்பதில்லை. 20 டிகிரியை ஒட்டிய சூட்டில் வேலை செய்யும் ஏல் ஈஸ்ட்டே அதை உண்டாக்குகிறது. லாகர் என்ற இன்னொரு வகை பீரின் ஈஸ்ட் அதைவிடக் குளிரில் மெதுவாக வேலை செய்வதால் அதில் இந்த வாசனை எழுவதில்லை. சின்ன மிடறாகக் குடித்து, விழுங்குமுன் ஒரு கணம் வாயிலேயே வைத்திருங்கள். இனிப்பு முன்னால் வரும், நடுவில் வறுபட்ட மணம், கடைசியில் ஃபகிள் ஹாப்பின் (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ அது) மண்வாசனையோடு கசப்பு வந்து இனிப்பைத் துடைத்துவிட்டுப் போகும். அந்தக் கசப்பு இல்லையென்றால் இரண்டாவது மிடறு திகட்டிவிடும். இன்றைக்குப் பல பார்களில் ஹாப்பே எஜமானன். எலுமிச்சை, மாம்பழ வாசனையோடு வரும் ஐபிஏ என்ற ஹாப் தூக்கலான ஏல்கள்தான் வரிசையாக இருக்கின்றன. அவற்றில் நல்லவை உண்டு, நானும் ருசித்திருக்கிறேன். ஆனால் மால்ட்டை இப்படி ஓரம்கட்டியது பெரிய இழப்பு என்றே நினைக்கிறேன். வாசனை கிளாஸைத் தூக்கும்போதே வந்துவிடுகிறது. தானியத்தின் ருசிக்கு உட்கார வேண்டும்.

ஒரு பாட்டிலுக்கு ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். கிளாஸ் கையில் சூடேற ஏற ருசி மாறிக்கொண்டே போகும். கடைசி கால் பங்குதான் எப்போதும் எனக்கு மிகப் பிடித்தது.

உங்கள் கடைசிக் கேள்வியைத் தட்டிக்கழிக்க மாட்டேன். குடியால் அழிந்த வீடுகளை நான் மிக அருகில் பார்த்திருக்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன். எங்கே குடியின் ஒரே நோக்கம் போதையாக இருக்கிறதோ, எங்கே ருசிக்கு இடமே இல்லையோ, அங்கே அளவு என்பதும் இருப்பதில்லை. அதற்காக ருசி தெரிந்தவர் யாரும் குடிக்கு அடிமையாவதில்லை என்று நான் சொல்லவில்லை. இங்கிலாந்திலும் குடி மனிதர்களைக் கொல்கிறது. கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 500 மில்லி, 5.6 சதவீதம் என்றால் சுத்தச் சாராயம் 28 மில்லி, பிரிட்டனின் அளவையில் 2.8 யூனிட். வாரத்துக்கு 14 யூனிட்டைத் தாண்டாதீர்கள் என்று அந்நாட்டு மருத்துவ அதிகாரிகள் 2016இல் சொன்னார்கள். ஐந்து பாட்டிலோடு அந்த எல்லை வந்துவிடும். அதையும் ஒரே நாளில் குடிக்கக்கூடாது, மூன்று நாட்களுக்காவது பிரித்துக்கொள்ள வேண்டும் என்பதும் அவர்கள் சொன்னதுதான். குடிக்காதவர் யாரும் என்னைப் படித்து ஆரம்பிக்க வேண்டாம். நீங்கள் குடிப்பவர், கேட்டீர்கள், சொல்கிறேன்.

இந்த மரபின் கடும் ஏல் இப்போது அருகி வருவதும் நான் எழுத ஒரு காரணம். பிரிட்டனில் 2011 அக்டோபரில் 7.5 சதவீதத்துக்கு மேற்பட்ட பீர்களுக்குத் தனியாக ஒரு வரி சேர்ந்தது. 2023 ஆகஸ்டில் வரிமுறையே மாறி, 3.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் சலுகை என்றானது. உடனே பல நிறுவனங்கள் தங்கள் பீரை 3.4 சதவீதத்துக்கு நீர்க்கச் செய்தன. உடல்நல நோக்கில் இதில் நியாயம் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மலிவான சாராயத்தைக் குறிவைத்த சட்டம், வருடக்கணக்காகப் பழுக்கவைத்து நிதானமாகக் குடிக்கும் ஏலையும் சேர்த்தே அடிக்கிறது. முன்பெல்லாம் பெரிய பண்ணை வீடுகளில் வாரிசு பிறந்த வருடம் கடும் ஏல் காய்ச்சி, பீப்பாயில் மூடிவைத்து, பிள்ளைக்கு 21 வயதாகும் நாளில் திறப்பார்கள். அத்தனை வருடம் தாங்கும் பீரை மால்ட்டும் சாராயமும் சேர்ந்தால்தான் செய்ய முடியும்.

அதன் மிச்சத்தை இன்றும் ருசிக்கலாம். ஓல்ட் பெக்யூலியர் உங்களுக்குப் பிடித்துவிட்டால் அடுத்து ஃபுல்லர்ஸ் வின்டேஜ் ஏலைத் தேடுங்கள். 1997இல் தொடங்கியது, ஆண்டுக்கு ஒரு முறை வரும். 8.5 சதவீதம், ஆகவே ஒரு பாட்டிலை இருவர் பகிர்வது நல்லது.  பாட்டிலுக்குள் ஈஸ்ட் உயிரோடு இருக்கும் வகை இது, அதனால் படுக்கவைக்காமல் நிற்கவைத்து, இருட்டில் வையுங்கள். ஊற்றும்போது அடியில் படிந்த வண்டலைக் கலக்காமல் நிறுத்திக்கொள்ளுங்கள். ஒரே ஆண்டின் இரண்டு பாட்டில் வாங்கி, ஒன்றை இப்போதே திறந்து, மற்றதை மூன்று வருடம் கழித்துத் திறந்தால் ஹாப்பின் கசப்பு தணிந்து, ஷெரி ஒயினை ஒட்டிய ஓர் ஆழம் வந்திருப்பது தெரியும்.

தொட்டுக்கொள்ள மிக்ஸருக்குப் பதில் வென்ஸ்லிடேல் சீஸும் பழக்கேக்கும் வாங்கிவாருங்கள். யார்க்‌ஷயர்காரர்கள் அவை இரண்டையும் சேர்த்தே சாப்பிடுவார்கள். கேக்கின் மேல் சீஸை ஒரு துண்டு வைத்துக் கடித்து, பிறகு ஒரு மிடறு. கொடுத்த நண்பரையும் கூப்பிடுங்கள், அவர் இதைக் குடித்தே வளர்ந்தவராக இருப்பார். பிறகு எழுதுங்கள். அப்போதும் பிடிக்கவில்லை என்றாலும் எழுதுங்கள், அதையும் இங்கே வெளியிடுகிறேன்.

அன்புடன்