பாலத்தடியில் நிற்கும் பெட்டை

கேள்வி: நான் ஆரையம்பதியில் இருக்கும் ஆசிரியை. ஒவ்வொரு நாளும் மட்டக்களப்பு வாவிக்கு மேலாகப் போகும் மண்முனைப் பாலத்தைத் தாண்டி, படுவான்கரையில் உள்ள பள்ளிக்கூடத்துக்கு ஸ்கூட்டியில் போய்வருகிறேன். பாலத்தடியில் யாரோ சாக்கில் கட்டிப் போட்டிருந்த மூன்று பெட்டை நாய்க்குட்டிகளைப் போன மாதம் வீட்டுக்குத் தூக்கி வந்தேன். ஒன்று செத்துவிட்டது. மற்ற இரண்டையும் அம்மா வீட்டுக்குள் எடுக்க விடுகிறார் இல்லை. அயலவர்களும் முணுமுணுக்கிறார்கள். இப்போது அதே இடத்தில் ஒரு பெட்டை நாய் வயிறு பெருத்து நிற்கிறது. பார்க்காததுபோல் போய்விடுகிறேன், பிறகு இரவில் நித்திரை வருவதில்லை. என் சம்பளத்தில், என் வீட்டில் இருந்துகொண்டு இந்தச் சீவன்களுக்கு நான் என்னதான் செய்யலாம்?
– பெயர் வேண்டாம், ஆரையம்பதி

பதில்: மகள், உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். 'ஒன்று செத்துவிட்டது' என்று இரண்டே சொல்லில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். ஆனால் உங்கள் நித்திரையைக் கெடுப்பது அந்தக் குட்டிதான் என்று எனக்கு விளங்குகிறது. முதலில் அதைக் கதைப்போம்.

சின்னக் குட்டிக்குத் தன் உடம்பைத் தானே சூடாக வைத்துக்கொள்ளத் தெரியாது. தாயின் வயிற்றோடு ஒட்டிக் கிடந்துதான் அது உயிரைப் பிடித்துக்கொள்கிறது. வாவிக் காற்றில், ஈரச் சாக்குக்குள் கிடந்த குட்டி உங்கள் கைக்கு வரும்போதே பாதி போயிருக்கும். பழி சாக்கைக் கட்டியவருடையது, அவிழ்த்த உங்களுடையது அல்ல.

இனி ஒருமுறை இப்படிக் கையில் கிடைத்தால், பாலைத் தேடி ஓடாதீர்கள். முதலில் சூடு. ஒரு போத்தலில் இளஞ்சூட்டுத் தண்ணீரை நிரப்பி, பழைய சாரம் ஒன்றால் சுற்றி, அட்டைப் பெட்டியின் ஒரு பக்கத்தில் வையுங்கள். மற்றப் பக்கம் வெறுமையாக இருக்கட்டும், சூடு கூடினால் குட்டி நகர்ந்துகொள்ளும். வயிறு குளிர்ந்து கிடக்கும் குட்டிக்குப் பால் செரிக்காது. உடம்பு சூடேறி, வாயில் விரலை வைத்தால் உறிஞ்சத் தொடங்கும். அப்போதுதான் பால். நாய்க்குட்டிப் பால்மா கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் பசுப்பாலைவிட ஆட்டுப்பால் பரவாயில்லை, படுவான்கரையில் அது கிடைக்காத பொருளும் இல்லை. ஊசி கழற்றிய சிரிஞ்சால் சொட்டுச் சொட்டாக, குட்டி குப்புறக் கிடக்கும் நிலையிலேயே கொடுங்கள். கைக்குழந்தையைப் போல மல்லாத்திக் கொடுத்தால் பால் சுவாசப்பைக்குள் போய்விடும். நான் முதன்முதலில் தூக்கி வந்த பூனைக்குட்டியை அப்படித்தான் இழந்தேன். இருபது வருடத்துக்கு மேல் ஆகியும் அது மூக்கால் பால் கக்கியது கண்ணுக்குள் நிற்கிறது. இன்னொன்று, பால் குடித்த பிறகு ஈரப் பஞ்சால் குட்டியின் அடிப்பக்கத்தை மெல்லத் தடவிவிட வேண்டும். தாய் நக்கிவிடுவதற்குப் பதில் அது. அப்படிச் செய்யாவிட்டால் கண் திறக்காத குட்டிக்குச் சிறுநீர் போகாது.

சரி, இனி உங்கள் கேள்வி. தூக்கி வருவதைவிடப் பெரிய வேலை ஒன்று உங்களுக்காக நிற்கிறது, அந்தப் பாலத்தடிப் பெட்டையின் உருவத்தில்.

சாக்கில் வந்த மூன்றும் பெட்டைகள் என்று எழுதியிருந்தீர்களே, அது தற்செயல் இல்லை. கடுவன் குட்டி என்றால் வளவுக் காவலுக்கு நிற்கட்டும் என்று விடுவார்கள். பெட்டை என்றால் சந்தைப் பக்கமோ பாலத்தடியோ. காரணம் ஒன்றுதான், அது குட்டி போடும். நாய் சினைப்பட்டு இரண்டு மாதத்தில் ஈன்றுவிடும், வருடத்தில் இரண்டு தடவைகூட ஈனும். நீங்கள் ஒவ்வொரு தடவையும் மூன்று குட்டிகளைத் தூக்கினாலும் அந்த ஒரு தாயை எட்டிப் பிடிக்க மாட்டீர்கள். ஆனால் அவளுக்கு ஒரேயொரு கருத்தடை சத்திரசிகிச்சை செய்துவிட்டால், அவள் வயிற்றிலிருந்து இனி ஒரு குட்டியும் சாக்குக்குள் போகாது. பிஸ்கட்டுக்குச் செலவழிக்கும் காசைக் கொஞ்ச நாளைக்கு இதற்கென்று ஒதுக்குங்கள்.

எங்கள் ஒழுங்கை முகப்பில் தேநீர்க்கடை ஒன்று இருக்கிறது. அதன் வாங்குக்குக் கீழேதான் 'சிவப்பி' இருப்பாள். பெயர் பிள்ளைகள் வைத்தது. ஒவ்வொரு மாரிக்கும் குட்டி போடுவாள், வீதியில் பஸ்ஸில் அடிபட்டு ஒவ்வொன்றாகப் போகும். மூன்றாம் வருடம், சீட்டுப் பிடிக்கும் பெண்கள் ஏழு பேர் சேர்ந்து, சீட்டுக் காசு கொடுக்கும்போது ஆளுக்கு இருநூறு ரூபாய் தனியாக ஒரு பேணியில் போடத் தொடங்கினோம். நான்காம் மாதம் காசு காணும் என்று வந்தது. பிடிப்பதுதான் பாடு என்று நினைத்தோம். கடைக்கார அண்ணன் பாணைக் கருவாட்டுக் குழம்பில் தோய்த்து நீட்ட, அவள் வாலை ஆட்டிக்கொண்டே கூட்டுக்குள் ஏறிவிட்டாள். முச்சக்கர வண்டித் தம்பி வாடகை வாங்கவில்லை. பின்னேரம் திரும்பி வந்தபோது மயக்கம் முழுதும் தெளியவில்லை. மயிர் வழித்த வயிற்றில் விரல் நீளத்துக்கு ஒரு தையல், காது நுனியில் கருத்தடை செய்ததற்கு அடையாளமாகச் சின்ன வெட்டு. பத்து நாள் எங்கள் வீட்டுப் பழைய கோழிக்கூட்டில் ஈரம் படாமல் வைத்திருந்தோம். பிறகு அதே வாங்கடியில் கொண்டுபோய் விட்டோம். இன்றைக்கும் அங்கேதான் கிடக்கிறாள்.

அதே இடத்தில் விடுவது முக்கியம், மகள். தூரத்தில் கொண்டுபோய் விட்டால் அவளும் அந்தரிப்பாள், அவள் நின்ற இடத்துக்குக் கருத்தடை செய்யாத வேறொரு நாய் வந்துவிடும்.

உங்கள் பெட்டை இப்போது வயிற்றோடு நிற்பதால் ஒன்றும் நீங்களாகத் தீர்மானிக்க வேண்டாம். உங்கள் பிரதேசக் கால்நடை வைத்திய அலுவலகத்துக்குப் போய் அவளைப் பற்றிச் சொல்லுங்கள், எப்போது சத்திரசிகிச்சை செய்யலாம் என்று வைத்தியர் சொல்வார். ஈன்றுவிட்டால் குட்டிகள் பால் மறக்கும் வரை பொறுத்திருந்து செய்யலாம். கருத்தடை முகாம் ஏதும் வருகிறதா என்று அங்கேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் இருக்கும் இரண்டு குட்டிகளுக்கும் ஆறு மாதம் ஆகும்போது அதே வேலையைச் செய்விக்க வேண்டும், மறந்துவிடாதீர்கள்.

அம்மாவைப் பற்றி. அவருக்கு நாயில் வெறுப்பு இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. விசருக்குப் பயம். எங்கள் தலைமுறை விசர்நாய்க்கடியில் போனவர்களின் கதையைக் கேட்டு வளர்ந்தது, அந்தப் பயம் நியாயமானது. நோய் வெளியே காட்டத் தொடங்கிவிட்டால் பிறகு ஆளைக் காப்பாற்ற முடியாது. அதனால் அவரோடு வாதாடாமல், இரண்டு குட்டிகளுக்கும் தடுப்பூசி போட்டு, அந்த அட்டையை அவர் கையில் கொடுங்கள். நாய்களுக்கு இந்த ஊசியை அரசாங்கம் இலவசமாகவே போடுகிறது. எந்த நாள், எந்த இடம் என்று சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்டால் சொல்வார்கள். வருடம் தவறாமல் போட வேண்டும். யாரையாவது நாயோ பூனையோ கடித்தால், கீறினால்கூட, ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, உடனே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மஞ்சள் பூசிவிட்டு வீட்டில் இருக்கக் கூடாது. இதை உங்கள் வகுப்புப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள். ஆசிரியை சொன்னால் அது நாற்பது வீட்டுக்குப் போகும்.

அயலவர் முணுமுணுப்புக்கு அவர்கள் பக்கத்திலும் காரணம் இருக்கும். அடுத்தவர் படலைக்கு முன்னால் சோறு வைக்காதீர்கள். ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் வைத்து, தின்று முடிந்ததும் கழுவிவிடுங்கள். காத்தான்குடிப் பக்கத்து வீடுகள், பள்ளிவாசல் அண்டிய இடம் என்றால் இன்னும் கவனம் வேண்டும். தொழுகைக்குப் போகும் உடுப்பில் நாயின் எச்சில் பட்டால் அவர்களுக்குச் சிரமம். அதை இரக்கமின்மை என்று எண்ணிவிடாதீர்கள். தாகத்தில் ஈரமண்ணை நக்கிக்கொண்டிருந்த நாய்க்குத் தன் காலுறையில் கிணற்றுத் தண்ணீர் மொண்டு கொடுத்தவரை இறைவன் மன்னித்தான் என்ற நபிமொழியை எனக்குச் சொன்னவர் என்னோடு வேலை செய்த ஒரு முஸ்லிம் சகோதரிதான். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் அவர் வீட்டு மதிலில் காகத்துக்கும் பூனைக்கும் தண்ணீர்ச் சட்டி வற்றியதே இல்லை. நீங்களும் அதைச் செய்யலாம், காசே போகாது. தண்ணீரை மட்டும் நாளுக்கு நாள் மாற்றுங்கள், நுளம்பு முட்டையிடும்.

நல்ல மனதோடு செய்து உயிரை எடுக்கும் காரியங்கள் சில உண்டு, அவற்றைச் சொல்லாமல் விட முடியாது. சொறி பிடித்த நாய்க்கு வாகனத்துக் கழிவு எண்ணெய் ஊற்றுவது நம் ஊரில் பழக்கமாகிவிட்டது. அது தோலைச் சுடும், நாய் நக்கி விழுங்கி நஞ்சாகும். சொறிக்கு நல்ல மருந்து இருக்கிறது, மாறும். பூனைக்குக் காய்ச்சல் என்று பனடோல் கொடுக்கவே கூடாது. பாதிக் குளிசையே பூனையைக் கொன்றுவிடும். புழு வைத்த புண்ணில் மண்ணெண்ணெயோ பெற்றோலோ ஊற்ற வேண்டாம், வைத்தியரிடம் காட்டுங்கள்.

நீங்கள் கொக்கட்டிச்சோலைப் பக்கம் போய்வருகிறவர். அங்குள்ள சிவன் கோவிலில், பறங்கித் (போர்த்துக்கேய) தளபதியின் முன்னால் கல் நந்தி எழும்பிப் புல்லுத் தின்ற கதையைச் சின்ன வயதிலேயே கேட்டிருப்பீர்கள். உயிருள்ள மாடு குப்பைக்குள் பொலித்தீன் லஞ்ச் ஷீட்டைச் சோற்றோடு சேர்த்து மெல்லுவதைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு அடைக்கும். அது வயிற்றில் செரிக்காது, திரண்டு உருண்டையாகக் கிடந்து பட்டினி போட்டுக் கொல்லும். அம்பாறை பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் யானைகள் செத்துச் செத்து விழுந்ததும் அப்படித்தான். 2022 தை மாதம் அங்கே இரண்டு செத்தபோது, எட்டு வருடத்தில் இருபது யானைகள் என்று கணக்குச் சொன்னார்கள். வெட்டிப் பார்த்தபோது வயிற்றில் இருந்தது பொலித்தீன். அதனால் மரக்கறித் தோலையும் மிச்சச் சோற்றையும் பையில் முடிந்து எறியாமல் தனியாகப் போடுங்கள், வளவில் ஒரு குழி இருந்தால் அதுவே போதும். வாவிக்கரையில் அறுந்து கிடக்கும் தங்கூசி என்ற மீன்பிடி நூலைக் கண்டால் சுருட்டி எடுத்துவிடுங்கள். கொக்கின் காலில் அது சுற்றினால் இறுக்கி இறுக்கி எலும்பு வரை போகும்.

மாரி வருகிறது. வெள்ளம் ஏறி, முகாமுக்குப் போகச் சொன்னால், ஒரு நிமிடம் நின்று வளவில் கட்டியிருக்கும் ஆடு, மாடு, நாயின் கயிற்றை அவிழ்த்துவிட்டுப் போகச் சொல்லி அயலில் எல்லோரிடமும் இப்போதே சொல்லி வையுங்கள். மாடு நீந்தும், நாய் நீந்தும். கட்டையில் கட்டிக் கிடந்தால்தான் போகும். கோழிக்கூட்டையும் திறந்துவிட வேண்டும்.

யாராவது கண்முன்னே சித்திரவதை செய்தால் படம் எடுத்துக்கொண்டு பொலிசில் முறையிடலாம். விலங்குகளைத் துன்புறுத்துவதற்கு எதிராக நமக்கிருக்கும் சட்டம் 1907ஆம் ஆண்டுக்குரியது, அது சொன்ன தண்டப்பணம் 100 ரூபாய். அதைத் திருத்தப் பல வருடமாகக் கேட்கிறார்கள். தொகை பெரிதோ சிறிதோ, முறைப்பாட்டைப் பதிந்துவிடுங்கள், பதிந்த காகிதம் அந்த ஆளை அடக்கும். யானை, ஆமை, காட்டு விலங்கு ஏதும் அடிபட்டுக் கிடந்தால் நீங்கள் கிட்டப் போகாமல் வனசீவராசிகள் திணைக்களத்தின் 1992 இலக்கத்துக்கு அழையுங்கள்.

இவ்வளவையும் ஒரு கிழமையில் செய்ய வேண்டியதில்லை. நாளைக் காலை அரை மணித்தியாலம் முன்னதாக வெளிக்கிட்டு, பாலத்தடியில் ஸ்கூட்டியை நிறுத்துங்கள். கொஞ்சம் சோறும் மீன்தலையும் கொண்டுபோங்கள். வைத்துவிட்டு நாலு அடி தள்ளி நில்லுங்கள், தொட வேண்டாம். நாலைந்து நாளில் உங்கள் ஸ்கூட்டிச் சத்தம் கேட்டாலே எழும்பி வருவாள். அதன் பிறகுதான் அவளைக் கூட்டில் ஏற்ற முடியும். அவள் ஈன்ற பிறகு எத்தனை குட்டி, அம்மா என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.