மோட்டார் சுழன்றும் பொம்மை ரயில் நகராதது ஏன்?

மகளின் பேட்டரி ரயிலில் மோட்டார் சத்தம் கேட்கிறது, சக்கரம் மட்டும் சுற்றவில்லை என்று பாலக்காடு மாவட்டத்தின் கொழிஞ்சாம்பாறையிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் இதற்குக் காரணம், மோட்டார் தண்டில் இறுக்கிச் செருகப்பட்டிருக்கும் சிறிய பிளாஸ்டிக் பல்சக்கரத்தில் விழுந்த விரிசல்தான். பிடிப்புத் தளர்ந்ததும் தண்டு மட்டும் சுழல, பல்சக்கரம் அசையாமல் நின்றுவிடுகிறது.

அதைப் பசை போட்டு ஒட்ட வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. இத்தகைய சக்கரங்கள் பெரும்பாலும் நைலான் அல்லது அசிட்டால் வகைப் பிளாஸ்டிக்கால் ஆனவை என்பதால் பசை அவற்றில் நிலைப்பதில்லை. அது கசிந்து மோட்டாருக்குள் இறங்கினால் நன்றாக ஓடும் மோட்டாரும் இறுகிவிடும்.

புதிய பல்சக்கரம் வாங்குவதற்கு முன் பழையதன் பற்களை எண்ணி, அந்த எண்ணிக்கையுடன் 2 கூட்டி, வெர்னியரால் (நுட்பமாக அளக்கும் கருவி) அளந்த வெளிவிட்டத்தை அத்தொகையால் வகுத்துப் பாருங்கள்: 10 பற்களும் 6 மி.மீ. விட்டமும் இருந்தால் 0.5 கிடைக்கும். ‘மாட்யூல்’ எனப்படும் இந்த அளவு புதியதிலும் ஒத்திருந்தால்தான் பற்கள் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தும். தண்டு 2 மி.மீ. என்றால் துளை சற்றுக் குறைவாக, ஏறத்தாழ 1.9 மி.மீ. இருக்க வேண்டும். பாலக்காட்டில் கிடைக்காவிட்டால், உடைந்த சக்கரத்தையும் கையோடு எடுத்துக்கொண்டு கோவையின் மின்னணு உதிரிபாகக் கடைகளில் கேளுங்கள். பொருத்தும்போது சுத்தியலால் தட்டாமல், தண்டின் மறுமுனைக்கு முட்டுக்கொடுத்து மெல்ல அழுத்துங்கள்.