எல்லாமே சிவப்பு என்றால் எதை முதலில் செய்வது?

கேள்வி: வணக்கம் ஐயா. கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் ஆபீஸ் வேலை பார்க்கிறேன். ஆறு பேர் சேர்ந்து டூடூயிஸ்ட் செயலியில் வேலைகளைக் குறித்துக்கொள்கிறோம். இப்போது திறந்தால் எல்லா வேலைக்கும் சிவப்புக் கொடி. எதை முதலில் எடுப்பது என்று தெரியவில்லை. வேறு செயலிக்கு மாறலாமா?
– ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: மாற வேண்டாம் அம்மா. நானும் குன்னூர் பக்கம் ஒரு ஃபேக்டரியில் இருந்தவன். இதே தொல்லையில் ஒரு ராத்திரி முழுக்கத் தூங்காமல் நின்றிருக்கிறேன்.

மே மாதம், இலை குவிகிற நேரம். இலையை உலர்த்தும் டிரையரில் பேரிங் சத்தம் போடுகிறது, புதுசு ஆர்டர் போட வேண்டும் என்று ஃபிட்டர் செயலியில் எழுதியிருந்தார். அதிகம் பேசாத மனிதர், கொடி எதுவும் வைக்கவில்லை. அதற்கு மேலே முப்பதுக்கும் அதிகமான சிவப்பு வேலைகள். ஆபீஸ் சுவருக்குப் பெயின்ட் அடிப்பதுகூட அதில் இருந்தது. நாலாம் நாள் ராத்திரி டிரையர் நின்றுவிட்டது. மறுநாள் விவசாயிகள் கொண்டுவந்த இலை மூட்டையிலேயே சூடேறியது, கையை விட்டால் சுட்டது. வந்த விலைக்குப் பக்கத்து ஃபேக்டரிக்குத் தள்ளிவிட்டோம்.

டூடூயிஸ்ட்டில் முன்னுரிமைக்கு நாலு படி உண்டு. பி1 சிவப்பு, பி2 ஆரஞ்சு, பி3 நீலம், பி4 நிறமில்லாதது. எதுவும் சொல்லாவிட்டால் வேலை பி4-இல் போய் விழும். நீங்கள் வைத்த கொடியைப் பார்த்து அடுக்கித் தருவதோடு செயலியின் பங்கு முடிந்தது. பேரிங் முக்கியமா, பெயின்ட் முக்கியமா என்று அதற்குத் தெரியாது. பொதுப் பட்டியலில் ஒருவர் கொடியை மாற்றினால் எல்லோருக்கும் மாறிவிடும். ஆளாளுக்குத் தன் வேலைக்குச் சிவப்பு வைத்தால் அடுக்க ஒன்றும் மிஞ்சாது.

அதனால் முதலில் ஆறு பேரும் உட்கார்ந்து சிவப்புக்கு அர்த்தம் பேசுங்கள். நாங்கள் பிறகு வைத்துக்கொண்டது இதுதான்: இன்று செய்யாவிட்டால் இலை கெடும், அல்லது ஆளுக்கு அடிபடும், அல்லது விவசாயிக்குப் பணம் தள்ளிப்போகும். இந்த மூன்றில் ஒன்று இருந்தால்தான் சிவப்பு. அதை வைக்கும் உரிமை ஒரே ஆளுக்கு. மற்றவர்கள் அவரிடம் கேட்கலாம். சில நாள் முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை.

அப்புறம் தேதியையும் கொடியையும் குழப்பாதீர்கள். ஏலத்துக்குச் சாம்பிள் அனுப்புவதற்கு உண்மையான தேதி இருக்கிறது, அதற்குத் தேதி போடுங்கள். பெயின்டுக்கு அப்படி ஒன்றும் இல்லை. சும்மா ‘இன்று’ என்று போட்டுவைத்தால் தினமும் தேதி தாண்டிய வேலையாக வந்து நிற்கும். நாலு நாளில் அந்தப் பகுதியையே யாரும் பார்க்க மாட்டார்கள்.

டாஸ்க்வாரியர் என்று ஒரு மென்பொருள், இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போடுகிறது. உயர்ந்த முன்னுரிமைக்கு 6 புள்ளி. தேதிக்கு அதிகபட்சம் 12. கெடுவுக்கு 14 நாள் முன்பிருந்தே தேதிப் புள்ளி ஏற ஆரம்பித்து, தேதி தாண்டி 7 நாளில் உச்சத்துக்குப் போகும். கெடு நாளன்றே ஏறக்குறைய 8.8 ஆகிவிடுவதால், கொடியில்லாத வேலைகூட தேதியில்லாத உயர்ந்த வேலையை முந்திவிடும். இன்னொரு வேலையைத் தடுத்து நிற்கும் வேலைக்குத் தனியாக 8 புள்ளி. எனக்கு மிகவும் பிடித்தது இந்த எட்டுதான். எங்கள் பேரிங் ஆர்டருக்கு அது கிடைத்திருந்தால் பட்டியலின் உச்சியில் நின்றிருக்கும். உங்கள் செயலி இந்தக் கணக்கைப் போடாது. ‘இது முடியாமல் எது நிற்கும்?’ என்று நீங்கள்தான் கேட்க வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் மாறத்தான் போகிறீர்கள் என்றால்: ஜிரா என்ற செயலியில் வழக்கமாக ஐந்து படி, கிளிக்அப் என்ற செயலியில் நாலு. மாற்றும்போது எண்களை ஒருமுறை சரிபாருங்கள். காலண்டர் மென்பொருள்களுக்கான பொதுத் தரத்தில் 1 மிக உயர்ந்தது, 9 மிகத் தாழ்ந்தது, 0 என்றால் சொல்லப்படவில்லை. டூடூயிஸ்ட் வேறு மென்பொருளோடு பேசும்போது சிவப்பை 4 என்று அனுப்பும். கவனிக்காவிட்டால் பட்டியல் தலைகீழாகிவிடும்.

கேள்வி: அப்பாவுக்குக் கேரட் தோட்டம். நான் கூகுள் டாஸ்க்ஸில் வேலைகளை எழுதுகிறேன். அதில் நட்சத்திரம் மட்டும்தான் இருக்கிறது. போதுமா அண்ணா?
– ஒரு கல்லூரி மாணவி, கேத்தி

பதில்: தாராளமாகப் போதும்மா. நட்சத்திரத்தோடு, வேலைகளை விரலால் மேலே கீழே இழுத்தும் வைக்கலாம். அந்த வரிசையே முன்னுரிமைதான். கேரட் தோண்டுகிற அன்று கழுவ மெஷின் பிடிப்பது, மேட்டுப்பாளையம் மண்டிக்கு லாரி சொல்வது, இந்த இரண்டுக்கு மட்டும் நட்சத்திரம் வையுங்கள். ராத்திரி லாரி கிளம்பியதும் எடுத்துவிடுங்கள்.