புலம்பலுக்குப் பத்து நிமிடம் போதும்

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் இடைநிலைப் பதவிகளில் பெண்கள் எட்டுப் பேர் இருக்கிறோம். பதவி உயர்வுக்கு ஒருவருக்கொருவர் கைகொடுக்கலாம் என்று ஒரு குழு தொடங்கினோம். மூன்று மாதம் ஆகியும் பிறந்தநாள் வாழ்த்தைத் தாண்டி எதுவும் நகரவில்லை. என்ன செய்வது?

பதில்: வாழ்த்துவரை வந்திருக்கிறீர்களே, பரவாயில்லை. நான் வேலையில் இருந்தபோது தொடங்கிய முதல் குழு இதைவிட மோசம். மாதம் ஒருமுறை பதினான்கு பேர் கூடுவோம். ஒருத்தி தன் மேனேஜரைப் பற்றி ஆரம்பிப்பாள். அடுத்தவள், "இதென்ன, என் மேனேஜர் கதையைக் கேள்" என்பாள். இரண்டு மணி நேரம் போவதே தெரியாது. மனசு லேசாகிவிடும், சம்பளமும் பதவியும் இருந்த இடத்திலேயே இருக்கும். எட்டாவது மாதம் நானும் இன்னொருத்தியும் காலி நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். புலம்புவது தப்பில்லை. அதற்குப் பத்து நிமிடம் கொடுங்கள், அப்புறம் வேலையைப் பாருங்கள்.

இரண்டாவது முறை நாங்கள் ஐந்து பேர்தான். ஒரே ஒரு விதி வைத்தோம்: வருகிறவள் கையில் ஒரு கோரிக்கை இருக்க வேண்டும். "எனக்கு வழிகாட்டுங்கள்" என்றால் செல்லாது. "வியாழக்கிழமை அப்ரைசல். நான் எழுதியிருப்பதைப் படித்துப் பாருங்கள், எங்கே என்னை நானே குறைத்துச் சொல்லியிருக்கிறேன்?" என்றால் செல்லும். என் அறிக்கையில் 'உதவினேன்' என்ற சொல் ஒன்பது இடத்தில் இருந்தது. அதில் ஆறு இடத்தில் மொத்த வேலையையும் செய்தவள் நான். சிவப்புப் பேனாவால் சுழித்துக் காட்டியவள் கணக்குப் பிரிவுக்காரி. என் வேலையைப் பற்றி ஒன்றும் தெரியாதவள் கண்ணில்தான் அது பட்டது.

சம்பளத்தையும் வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டோம். முதல் நாள் யாருக்கும் வாய் வரவில்லை. ஆளுக்கொரு துண்டுச் சீட்டில் எழுதிக் குலுக்கிப் போட்டோம். பிரித்துப் பார்த்தபோதுதான், ஒரே பதவியில் இருந்த எங்களில் இருவருக்கு நடுவே எவ்வளவு இடைவெளி என்று தெரிந்தது. குறைந்த சீட்டுக்காரி அடுத்த வாரமே மேலதிகாரியிடம் நேரம் கேட்டாள்.

முக்கியமான இன்னொன்று, யார் தலையிலாவது விழும் வேலைகள். கூட்டத்துக்கு மினிட்ஸ் எழுதுவது, பிரிவு உபசார விழா ஏற்பாடு, புதிதாகச் சேர்ந்தவருக்கு எல்லாம் சுற்றிக் காட்டுவது. செய்யாவிட்டால் குறை, செய்தால் யாரும் எண்ணமாட்டார்கள். 2010-ல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் ஐந்து பெண்கள் இதற்காகவே ஒரு குழு சேர்ந்தார்கள். இப்படிப்பட்ட வேலைகளுக்கு 'முடியாது' சொல்லப் பழகுவதுதான் குழுவின் வேலை. அவர்களில் ஒருவரான பொருளாதாரப் பேராசிரியர் லிண்டா பாப்காக் சக ஆய்வாளர்களோடு சில சோதனைகளும் நடத்தினார். மூன்று பேரில் யாராவது ஒருவர், மற்ற இருவரைவிடத் தனக்குக் குறைவாகக் கிடைத்தாலும் பரவாயில்லை என்று, ஒரு காரியத்துக்கு முன்வர வேண்டும். ஆண்களும் பெண்களும் கலந்திருந்தபோது பெண்கள் முன்வந்தது ஆண்களைவிட 48 சதவீதம் அதிகம். தனித்தனியாகப் பிரித்தால் இரு தரப்பும் ஏறக்குறைய ஒரே அளவு. பெண்களுக்கு இது பிறவிக் குணம் என்று யாராவது ஆரம்பித்தால் இதைச் சொல்லுங்கள். ஒருத்தி செய்துவிடுவாள் என்று எல்லோரும் காத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அடுத்த கூட்டத்துக்கு எட்டுப் பேரும் இப்படிப்பட்ட வேலைகளை எழுதிக்கொண்டு வாருங்கள். ஆளுக்கொன்றை விட்டுவிடப் பாருங்கள்.

கேள்வி: எங்கள் குழுவில் ஆண்களையும் சேர்க்கலாமா? பெண்கள் மட்டும் என்றால்தான் மனம்விட்டுப் பேச முடியும் என்கிறார்கள் தோழிகள்.

பதில்: தோழிகள் சொல்வது சரி. பேசுவது உங்களுக்குள்ளேயே இருக்கட்டும். ஆனால் தொடர்பு அங்கேயே நின்றுவிடக் கூடாது. அலுவலகத் தொடர்புகளை ஆராயும் பேராசிரியர் ஹெர்மினியா இபார்ரா ஒரு விளம்பர நிறுவனத்தை ஆராய்ந்து 1992-ல் எழுதினார்: அங்கே ஆண்களுக்கு நட்பும் வேலைக்கான தொடர்பும் பெரும்பாலும் ஆண்களிடமே கிடைத்தன. பெண்கள் நட்புக்குப் பெண்களிடமும் வேலைக் காரியத்துக்கு ஆண்களிடமும் போனார்கள். இரட்டை அலைச்சல்தான், இருந்தாலும் அலைய வேண்டியிருக்கிறது. பதவி உயர்வு முடிவாகும் அறையில் நாம் இருக்கமாட்டோம். அங்கே நம் பெயரைச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் யார் என்பதைத்தான் குழு உட்கார்ந்து யோசிக்க வேண்டும். எங்களில் ஒருத்திக்கு அந்த ஆள், அதுவரை 'வணக்கம்' மட்டுமே சொல்லியிருந்த வேறு பிரிவுத் தலைவர்.

கேள்வி: 'தனிக் கட்சி ஆரம்பித்துவிட்டீர்களா?' என்று அலுவலகத்தில் கேலி செய்கிறார்கள். என்ன பதில் சொல்வது?

பதில்: என்னையும் கேட்டார்கள். "ஆமாம், கொள்கை விளக்கக் கூட்டம் வெள்ளிக்கிழமை, மினிட்ஸ் எழுத ஆள் தேவை, வருகிறீர்களா?" என்றேன். அதோடு யாரும் கேட்கவில்லை.