ஸ்வேல்டேலில் விளக்கெரியாத வீடுகள்

அன்புள்ள அக்கா,

வடக்கு இங்கிலாந்தின் ஸ்வேல்டேல் பள்ளத்தாக்கு பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, அக்டோபர் பள்ளி விடுமுறையில் அங்கே மியூக்கர் என்ற ஊர்ப் பக்கம் ஒரு பழைய கல்வீட்டை ஒரு வாரத்துக்கு எடுத்தோம். நாங்கள் இருவர், பிள்ளைகள், ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா. வீடு அருமை, படம் அனுப்பியிருக்கிறேன். ஆனால் இருட்டிய பிறகு தெருவில் நடந்தால் பாதி வீடுகளில் விளக்கே இல்லை. எரிந்த வீடுகளிலும் எங்களைப் போல வந்தவர்கள்தான், வாடகைக்கு வருபவர்கள் எண் போட்டுத் திறந்து சாவி எடுக்கும் சாவிப்பெட்டி வாசலில் தொங்கியது. "இந்த ஊர்க்காரங்க எல்லாம் எங்கடா போனாங்க?" என்று அம்மா கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. நம்மைப் போன்றவர்கள் வந்து தங்கித்தான் அவர்களைத் துரத்திவிட்டோமா? பேசாமல் டவுனில் ஹோட்டல் எடுத்திருக்க வேண்டுமா? ஜூனில் புல்வெளிப் பூக்களைப் பார்க்க மறுபடி போக ஆசை. போகலாமா?

ர., ரெடிங்

அன்புள்ள ர.,

உங்கள் அம்மா சரியான கேள்வியைக் கேட்டிருக்கிறார். அந்தப் பள்ளத்தாக்கு இரண்டு தடவை காலியானது. முதல் தடவை நடந்தபோது விடுமுறைக்காரர்கள் யாரும் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

இன்று ஆடும் கற்சுவருமாகத் தெரிகிற ஸ்வேல்டேல், 19ஆம் நூற்றாண்டில் ஈயச் சுரங்க நாடு. மியூக்கரிலிருந்து கொஞ்ச தூரத்தில் கன்னர்சைட் கில் என்றொரு ஓடைப் பள்ளம் உண்டு. அதன் சரிவுகள் மேலிருந்து கீழ்வரை கிழிந்து கிடக்கும். பார்த்தால் நிலச்சரிவு என்றுதான் தோன்றும். எல்லாம் மனிதன் செய்த வேலை. மேட்டில் மண்ணணை போட்டு நீரைத் தேக்கி, ஒரே போக்கில் உடைத்துவிடுவார்கள். வெள்ளம் மேல்மண்ணை அடித்துக்கொண்டு போனதும் தாது ஓடுகிற இடம் வெளியே தெரியும். இதற்கு ஹஷ் என்று பெயர். இத்தனை ஆண்டுகள் ஆகியும் அந்தக் காயத்தில் புல் சரியாகப் பிடிக்கவில்லை.

அப்புறம் ஸ்பெயினிலிருந்து மலிவு ஈயம் வந்து இறங்கியது. விலை விழுந்தது. 1880களில் சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்துவிட்டன. குடும்பம் குடும்பமாக லங்காஷயர் பஞ்சாலைகளுக்கும் டர்ஹாம் நிலக்கரிச் சுரங்கங்களுக்கும் போனார்கள், சிலர் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்கள். விட்டுப்போன வீடுகள் பல கூரை சரிந்து கிடந்தன. அவற்றில் சில இன்று நிற்பதற்குக் காரணமே, பின்னாளில் விடுமுறைக்கென்று யாரோ வாங்கிச் செப்பனிட்டதுதான். ஆகவே "துரத்திவிட்டோமா" என்ற குற்ற உணர்ச்சியில் பாதியை இறக்கி வைத்துவிடலாம்.

உங்கள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மகள் ஜன்னல் விளிம்பில் கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறாள், அவ்வளவு கனமான சுவர். அது இரண்டு சுவர், நடுவில் பொடிக்கல் நிரப்பியது. கீழே இரண்டு அறை, மேலே இரண்டு, தலையில் இடிக்கும் உத்தரம். சுரங்கத்துக்கும் போய்க்கொண்டு இரண்டு மாடும் வைத்திருந்தவர் வீடாக இருக்கலாம். அந்தக் காலத்தில் அங்கே பலருக்கு அதுதான் பிழைப்பு. அந்த அடுப்பு மூலையில் ஒரு குடும்பமே நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும். இப்போது அங்கே விறகு ஸ்டவ், கூடையில் அளவாக வெட்டிய கட்டைகள், மேலே "நனைந்த பூட்ஸை இங்கே காய வைக்காதீர்கள்" என்று சீட்டு. எனக்கு அந்தச் சீட்டு பிடித்திருந்தது. (வாசலில் ஹாட் டப் என்ற வெந்நீர்த் தொட்டி வைத்திருக்கும் வீடுகளைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை.)

சரி, குற்ற உணர்ச்சியின் மறுபாதி. அதை இறக்கி வைக்க முடியாது. இரண்டாவது தடவை காலியானது நம் காலத்தில், இன்னும் நடந்துகொண்டும் இருக்கிறது. அங்கே ஆட்டுப்பண்ணையில் வளர்ந்த பையன் கல்யாணமாகி அதே ஊரில் வீடு பார்த்தால், நகரத்துப் பணத்தோடு போட்டி போட வேண்டும். இளசுகள் போய்விட்டால் பள்ளியில் பிள்ளை இல்லை. பக்கத்துக் கிளைப் பள்ளத்தாக்கான ஆர்க்கன்கார்த்டேலில் 300 ஆண்டுகளுக்கு மேல் நடந்த பள்ளியை 2019இல் மூடினார்கள். இரண்டாவது வீடு வைத்திருப்பவர்களுக்கு 2025 ஏப்ரலிலிருந்து அந்தப் பகுதியின் நார்த் யார்க்ஷயர் கவுன்சில் வீட்டு வரியை இரட்டிப்பாக்கியிருக்கிறது. ஆனால் ஆண்டில் 140 நாள் வாடகைக்குத் திறந்து வைத்து, 70 நாள் ஆள் தங்கினால் அந்த வீடு வியாபாரக் கணக்குக்குப் போய்விடும். சிறு வியாபாரச் சலுகையில் பலருக்கு வரியே வராது. சட்டம் போட்டவருக்கு இது தெரியாமலா இருக்கும்?

அதற்காக ஹோட்டலில் தங்கினால் தீருமா? தீராது. வாடகை வீடு என்பது ஒரே ஜாதி இல்லை. மலைப்பண்ணையில் ஆட்டை மட்டும் வைத்துக் குடும்பம் நடத்த முடியாது. அரசு கொடுத்துவந்த பழைய மானியமும் 2027க்குள் முடிகிறது. பண்ணைக்காரர் தன் பழைய வீடு ஒன்றை வாடகைக்கு விட்டு, அந்தக் காசில் சுவரைக் கட்டி ஆட்டை வைத்திருக்கிறார். 2001இல் கோமாரி நோய் வந்து பாதைகளை எல்லாம் அடைத்தபோது, தன் மந்தைக்கு நோய் வராத பண்ணைக்காரரும் தங்க ஆளில்லாமல் தவித்தார். அங்கே ஆடும் விருந்தாளியும் ஒரே வண்டியில் பூட்டிய மாடுகள். எங்கோ உட்கார்ந்து பத்து வீடு வாங்கிப் போட்டவர் கதை வேறு. எடுக்கும் முன் கேளுங்கள்: வீட்டுக்காரர் எங்கே இருக்கிறார்? "அடுத்த பண்ணையில்தான்" என்றால் கண்ணை மூடிக்கொண்டு எடுங்கள்.

இன்னொன்று. நம் ஆட்கள் குக்கரிலிருந்து இட்லி மாவுவரை காரில் அடைத்துக்கொண்டு போவார்கள். நானும்தான். மாவைக் கொண்டு போங்கள், பாலையும் ரொட்டியையும் இறைச்சியையும் பக்கத்து ஊர்களான ரீத்திலோ ஹாஸிலோ வாங்குங்கள். ஒரு நாளாவது காரை விட்டுவிட்டு ரிச்மண்டிலிருந்து கெல்டுவரை ஓடும் சின்ன வெள்ளை பஸ்ஸில் ஏறுங்கள். அந்த ஊர் மக்களே நடத்துவது. பேச்சும் அதில்தான் கிடைக்கும், சாவிப்பெட்டி பேசாது.

பூக்கள் விஷயம். அவை தானாக முளைத்த இயற்கை இல்லை. மியூக்கரைச் சுற்றி ஏறக்குறைய வயலுக்கு ஒரு கற்கொட்டில் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். முன்பெல்லாம் குளிர்காலம் முழுக்க நாலைந்து மாடுகளை அதன் கீழ்த்தளத்தில் கட்டிவைத்து, மேலே அடைத்த காய்ந்த புல்லைத் தள்ளிவிடுவார்கள். சாணம் அதே வயலுக்குத் திரும்பும். ரசாயன உரம் அதிகம் படாத அந்த மண்ணில்தான் எல்லோ ராட்டில் என்ற மஞ்சள் பூச்செடி வரும். அது புல்லின் வேரை உறிஞ்சி வாழ்வது. புல் சோனியாவதால் மற்ற பூக்களுக்கு இடம் கிடைக்கிறது. ஜூலை நடுவில் அறுத்துவிடுவார்கள். அதுவரை வயலுக்குள் ஒற்றை வரிசையில் நடக்கச் சொல்லிப் பலகை இருக்கும். மிதிபட்ட புல்லைச் சரியாக அறுக்க முடியாது, அது மாட்டின் குளிர்காலச் சாப்பாடு. பிள்ளைகளிடம் முன்பே சொல்லிவையுங்கள்.

அம்மாவுக்கு மியூக்கரிலிருந்து ஆற்றுப் பாலம்வரை போதும். தட்டைக்கல் பாவிய பாதை, மேடு கிடையாது. ஆனால் சுவருக்குச் சுவர் ஆள் ஒருக்களித்து நுழையும் சந்து இருக்கும், கைப்பிடித்துக் கூட்டிப் போங்கள். ஜூனில் பிள்ளைகளுக்குப் பள்ளி இருப்பதால் முழு வாரம் நடக்காது. மே கடைசி விடுமுறையில் பூ தொடங்கியிருக்கும், அவ்வளவுதான். நான் உங்கள் இடத்தில் இருந்தால், ஜூன் பாதியில் வெள்ளி முதல் திங்கள்வரை மூன்று இரவு தருவார்களா என்று பண்ணைக்காரர்களிடமே போன் போட்டுக் கேட்பேன். பெரிய இணையதளங்களில் வாரக்கணக்குதான் காட்டும், நேரில் கேட்டால் சில பேர் இறங்கி வருவார்கள்.